நாலு பக்கமும் கேட்கிற ஸ்பீக்கர்

வைகாசி 26, திங்கள்

இன்று வீட்டில் இருந்தவர்கள்: நான், என் மகன், மருமகள் வினோதினி, பேத்தி தன்ஷிகா, பாதிப் படி ஏறி வந்து நின்ற கீழ் வீட்டு ஈஸ்வரி. காஸ்காரனும் வந்து போனான். சிலிண்டரை வாசலோடு உருட்டிவிட்டுப் போகிறவனை ஆளாகச் சேர்க்க வேண்டியதில்லை.

வினோதினியின் ஹெட்போன் உடைந்துவிட்டது.

அவள் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறாள். ஆஸ்பத்திரி இன்சூரன்ஸ் காகிதங்களைச் சரிபார்க்கிற கம்பெனி, ஆபீஸ் கோயமுத்தூரில். நாங்கள் ஈரோட்டில். பகலெல்லாம் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஹாலில் லேப்டாப் முன்னால் உட்கார்ந்து பேசுவாள். அவள் பேசுவது எங்களுக்குக் கேட்கும். அந்தப் பக்கத்துக்காரர்கள் பேசுவது அவள் காதுக்குள் மட்டும்.

மத்தியானம் என் மகன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். வினோதினி எதையோ கேட்டுச் சிரித்தாள். கொஞ்சம்தான் சிரித்தாள். அவன் கை கழுவாமல் எழுந்து போனான்.

நான் சமையலறைக்குப் போய் மிக்சியைப் போட்டேன். ஜாரில் ஒன்றும் இல்லை. அவன் சத்தம் கீழ் வீட்டுக்குக் கேட்டுவிடக் கூடாது, அதற்காகத்தான். எப்போதும் அப்படித்தான் செய்வேன். நிறுத்திவிட்டு வந்து பார்த்தால் ஹெட்போன் இரண்டு துண்டாகக் கிடக்கிறது. வினோதினி இடது காதைப் பொத்திக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்திருக்கிறாள். தன்ஷிகா துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். பதினொரு வயதுப் பிள்ளைக்கு அது வேலையா?

படியிலிருந்து ஈஸ்வரி கேட்டாள். “என்னங்கக்கா அரைக்கறீங்க?”

“சட்னி.”

“சோறு திங்கற நேரத்துலயா?”

அவளுக்கு எல்லாம் தெரிந்தாக வேண்டும். என் வீட்டுக்காரர் செத்து விழுந்த அன்றைக்கு அழாமல் என் காதுத் தோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தவள். நான் மறக்கவில்லை.

வைகாசி 27, செவ்வாய்

காது டாக்டரிடம் போனோம். பெண் டாக்டர். காது ஜவ்வில் ஓட்டை விழுந்திருக்கிறதாம்.

“எப்படி ஆச்சு?” என்றார். வினோதினி வாயைத் திறப்பதற்குள் நான் சொன்னேன்.

“கதவு இடிச்சிருச்சுங்க. காத்துல சாத்திக்கிச்சு.”

“கதவு காதை மட்டும் பார்த்து இடிச்சுதா?”

என் மகன் வெளியே பெஞ்சில் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். டாக்டர் அவனை ஒரு பார்வை பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, “பாட்டி, நீங்களும் தலையைத் திருப்பித் திருப்பிக் கேக்கறீங்க. உங்களுக்கு என்ன?” என்றார்.

“வலப் பக்கம் கேக்காதுங்க. ரொம்ப வருசமா.”

“அதுக்கு என்ன ஆச்சு?”

“அதுவும் கதவுதானுங்க.”

டாக்டர் எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்துவிட்டார். எனக்கு அந்த அம்மாவைப் பிடிக்கவில்லை. காதைப் பார்க்க வந்தால் காதைப் பார்க்க வேண்டும்.

ஓட்டை தானே மூடிக்கொள்ளுமாம். அதுவரை காதில் தண்ணீர் படக் கூடாது, ஹெட்போன் மாட்டவே கூடாது. இன்னொரு முறை அடிபட்டால் கேட்காமலே போய்விடும் என்றார். இதைச் சொல்லும்போது என்னைத்தான் பார்த்தார்.

வைகாசி 29, வியாழன்

ஹெட்போன் இல்லாமல் லேப்டாப்பிலேயே பேசிப் பார்த்தாள். அந்தப் பக்கத்துக் குரல்கள் முதல்முறையாக எங்கள் வீட்டு ஹாலில் கேட்டன. ஜெசிந்தா என்பவள்தான் இவளுக்கு மேலே இருக்கிற அதிகாரி. பெயரைக் கேட்டிருக்கிறேன், இன்றுதான் குரலைக் கேட்டேன். கண்டிப்பான குரல், தேன் தடவியதில்லை. எனக்கு அது பரவாயில்லை.

“கெணத்துக்குள்ள இருந்து பேசற மாதிரி இருக்கு வினோ. நான் பேசறதே எனக்குத் திரும்பி வருது. கிளையண்டு முன்னாடி வீடியோ மீட்டிங்ல இப்படி வந்தா நான் என்ன பதில் சொல்றது?”

“காது சரியாகற வரைக்கும் ஹெட்போன் போட வேண்டாமுன்னு சொல்லிட்டாங்க ஜெஸி.”

“அப்ப ஒரு நல்ல ஸ்பீக்கர்போன் வாங்கு. இல்லாட்டி ஆபீஸ் வந்து உட்காரு. ரெண்டுல ஒண்ணு சொல்லு.”

ஆபீசுக்கு அனுப்ப மாட்டான். போன வருசம் ஒரு நாள் போய் வந்ததற்கே என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும். போகவில்லை என்றால் வேலை போகும். அவனுடைய ஸ்பேர் பார்ட்ஸ் கடையை மூடியபிறகு வீட்டில் அடுப்பு எரிவது இவள் வேலையால்தான். அது போனால் அவன் கோபம் யார்மேல் திரும்பும் என்பதை எழுத வேண்டியதில்லை.

பயந்து பயந்துதான் அவனிடம் சொன்னோம். உடனே சரி என்றுவிட்டான்.

“வாங்கு. நல்லாச் சத்தமாக் கேக்கறதா வாங்கு. எவன் என்ன பேசறான்னு எனக்கும் கேக்கட்டும்.”

வைகாசி 31, சனி

எல்லோருமாகக் கடைக்குப் போனோம். ஸ்பீக்கர்போன் என்றால் என்னமோ என்று நினைத்தேன். வட்டமாக, தோசைக் கரண்டித் தலை அளவில் ஒன்று, சோப்புப் பெட்டி போல ஒன்று, டிபன் பாக்ஸ் உயரத்துக்கு ஒன்று. மேசை நடுவில் வைத்தால் நாம் பேசுவது அங்கே போகும், அவர்கள் பேசுவது இங்கே வரும். காதில் எதையும் மாட்ட வேண்டாம்.

கடைக்காரர் பெயர் பாரூக். பொறுமையான மனிதர். எங்கள் மூன்று பேருக்கும் பதில் சொல்ல அந்தப் பொறுமை வேண்டும்.

என் மகன் ஒரே கேள்வி கேட்டான். “இதுல எது அதிகச் சத்தம்?”

நானும் ஒரே கேள்வி. “வீட்டுச் சத்தம் அவங்களுக்குப் போகாம இருக்கறது எதுங்க?”

பாரூக் சோப்புப் பெட்டியைக் காட்டினார். “இது முன்னால இருக்கறவங்க பேசறதை மட்டும் எடுக்கும் பாட்டி. பின்னால என்ன நடந்தாலும் போகாது.” எனக்கு உயிர் வந்தது. இதுதான், இதையே வாங்கலாம் என்றேன். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

வினோதினி சின்ன வட்டத்தைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “இது எந்தப் பக்கம் கேக்குமுங்க?”

“நாலு பக்கமும். ரூம்ல எந்த மூலைல இருந்து பேசினாலும் எடுத்துரும்.”

“லேப்டாப் இல்லாம போன்லயே சேருமா?”

“சேரும்.”

“சார்ஜ் எவ்வளவு நேரம் நிக்கும்? கைப்பைல போடலாமா?”

“பஸ்ல போயிட்டே மீட்டிங் பேசறாங்க மேடம்.”

வீட்டை விட்டு நகராமல் வேலை பார்க்கிறவளுக்குக் கைப்பையில் போகிற சாமான் எதற்கு?

கடைசியில் அவன் சொன்ன டிபன் பாக்ஸைத்தான் வாங்கினோம். சரிப்படவில்லை என்றால் வேறொன்று மாற்றித் தருவதாகப் பாரூக் சொன்னார். அதை வினோதினியிடம் சொல்லாமல், என்னமோ என்னிடம் சொன்னார்.

ஆனி 1, ஞாயிறு

கோழி எடுத்தோம். யாரும் பேசாமல் சாப்பிட்டோம்.

ஆனி 3, செவ்வாய்

டிபன் பாக்ஸ் போடுகிற சத்தத்தில் கோயமுத்தூரே எங்கள் ஹாலுக்கு வந்துவிட்டது. யாரோ இருமுகிறார்கள். யாரோ டீ குடிக்கிறார்கள். ஒருவருடைய பிள்ளை அழுகிறது. என் மகன் சோபாவில் பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பக்கத்தைத் திருப்பவேயில்லை. ஆம்பிளைக் குரல் வருகிறபோதெல்லாம் தலையைத் தூக்குவான். கூட்டம் முடிந்தபிறகு கேட்டான்.

“அந்தத் தெலுங்கன் மாதிரி பேசினவன் யாரு?”

“ஐதராபாத்துங்க. கணக்குப் பாக்கறவரு. பேரப்பிள்ளை எடுத்தவரு.”

“நான் வயசு கேட்டனா?”

அதோடு விட்டுவிட்டான். நான் மிக்சி வரைக்கும் போய்த் திரும்பி வந்தேன்.

ஆனால் அந்தப் பக்கத்தில் இவள் பேச்சு சரியாகக் கேட்கவில்லையாம். ஜெசிந்தா மறுபடி ஆபீசுக்கு வரச் சொல்கிறாள். வினோதினி அவனிடம் தணிந்த குரலில் சொன்னாள். “இது எடுக்க மாட்டேங்குது. மாத்திக்கறனுங்க. இல்லீன்னா தினமும் கோயமுத்தூர் போகச் சொல்லுவாங்க.”

அவனைச் சம்மதிக்க வைக்கிற சொல் எது என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. “மாத்திக்க. சத்தம் கொறையக் கூடாது” என்றான்.

ஆனி 6, வெள்ளி

வினோதினியும் நானும் போய் மாற்றிக்கொண்டு வந்தோம். அவள் நேராக அந்தச் சின்ன வட்டத்தைத்தான் எடுத்தாள். நான் சோப்புப் பெட்டியைக் காட்டினேன்.

“இது முன்னால மட்டும் கேக்குமாம் அம்முணி. நமக்கு இதுதான் பதனம், பயமில்லை.”

“நாலு பக்கமும் கேக்கட்டுங்கத்தை” என்றாள். சத்தமில்லாமல்தான் சொன்னாள்.

வீட்டில் அவன் இல்லை. யாருக்கோ நிலம் காட்டப் போயிருந்தான். அவள் வட்டத்தை ஹால் மேசையில் வைத்தாள். “எப்படிப் போகுதுன்னு பாக்கலாம். நீங்க மிக்சியைப் போட்டுட்டு ஏதாச்சும் பேசுங்கத்தை. நான் ரெக்கார்டு பண்றேன்.”

“என்னத்தைப் பேச?”

“உங்களுக்குப் பிடிக்காதவங்களைப் பத்திப் பேசுங்க.”

தன்ஷிகா சிரித்துவிட்டாள். “அப்பத்தா, அப்ப இன்னைக்குப் பூராம் ஓடும்!”

நான் மிக்சியை முழு வேகத்தில் வைத்துக்கொண்டு என் நாத்தனார் ரங்கநாயகியைப் பற்றிச் சொன்னேன். என் கல்யாணத்தில் எனக்குத் தைத்த ரவிக்கையைத் தான் போட்டுக்கொண்டு வந்து நின்றவள், கேட்டதற்கு “உனக்கு இது எடுபடாது” என்றவள். அத்தனையும் சொன்னேன். மிக்சி இரைச்சலில் எனக்கே நான் பேசுவது கேட்கவில்லை.

பிறகு அவள் அதைப் போட்டுக் காட்டினாள்.

மிக்சி இல்லை. மிக்சிச் சத்தம் ஒரு துளி இல்லை. என் குரல் மட்டும், கோயிலில் பேசுவதுபோலத் தெளிவாக, “எனக்கு எடுபடாதாமா?” என்கிறது.

“மிசின் சத்தத்தையெல்லாம் இது எடுத்துப் போட்டுருமாமா” என்றாள் வினோதினி. “மிக்சி, பேன், ரோட்டுச் சத்தம் எதுவும் போகாது. மனுசக் குரல் மட்டும் போகும்.”

என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். நான் மிக்சி ஜாரைக் கழுவினேன். கழுவ அதில் ஒன்றும் இல்லை. கை ஈரமானதுதான் மிச்சம்.

இதை அவனிடம் நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. சாயங்காலம் காபி கொடுத்தேன், சட்டையை எடுத்து மாட்டினேன், நாக்கு நுனி வரைக்கும் வந்தது, சொல்லவில்லை.

ஆனி 9, திங்கள்

எனக்கு ஒரு வேலை கொடுத்திருக்கிறாள். வட்டத்தின் நடுவில் ஒரு பொத்தான். பச்சை விளக்கு எரிந்தால் அங்கே கேட்கிறது. அமுக்கினால் சிவப்பு. சிவப்பாக இருந்தால் நாம் என்ன பேசினாலும் போகாது.

“நான் எந்திரிச்சுப் போனாலோ, வீட்டுல ஏதாச்சும் சத்தம் வந்தாலோ இதை அமுக்கிருங்கத்தை. இருபது முப்பது பேர் லைன்ல இருப்பாங்க.”

நான் கேமராவில் விழாதபடி மேசைக்குப் பக்கவாட்டில் நாற்காலி போட்டு, சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். ஐந்தாவதோடு என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தினான் என் அண்ணன். இன்றைக்கு முப்பது படித்தவர்களின் காதைத் திறப்பதும் மூடுவதும் என் விரல். பெருமையாக இருக்க வேண்டும். பயமாகத்தான் இருக்கிறது. பைக் சத்தம் கேட்டாலே அமுக்கிவிடுகிறேன். பால்காரன் பைக்குக்கும் அமுக்கினேன்.

“வினோ, பாதியிலயே கட் ஆகுது” என்றாள் ஜெசிந்தா.

“சாரி ஜெஸி. கை பட்டுருச்சு.”

ஆனி 13, வெள்ளி

பயந்தது நடந்துவிட்டது. கூட்டம் நடக்கும்போதே, வெள்ளைச் சட்டை இஸ்திரி போடவில்லை என்று படுக்கையறையிலிருந்து கத்தினான். பேரைச் சொல்லி, அவள் அப்பன் பேரைச் சொல்லி, இன்னும் என்னென்னமோ. நான் பொத்தான் பக்கம் போகவில்லை. பழகின கால், சமையலறைக்கு ஓடி மிக்சியைப் போட்டுவிட்டது. போட்ட பிறகுதான் நினைவு வந்தது. திரும்பி ஓடிவந்து அமுக்குவதற்குள் எல்லாம் அந்தப் பக்கம் போய்விட்டது.

அவன் கிளம்பிய பிறகு ஜெசிந்தா தனியாகக் கூப்பிட்டாள். இப்போது எல்லாம்தான் வெளியே கேட்கிறதே, எனக்கும் கேட்டது.

“வினோ, வீட்டுல எல்லாம் சரியா?”

“டிவிங்க ஜெஸி.”

“டிவில உன் பேரைச் சொல்லித் திட்டறாங்களா?”

பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அமுக்கட்டுமா என்று நான் கண்ணால் கேட்டேன். வினோதினி வேண்டாம் என்று தலையாட்டினாள்.

“செவ்வாய்க்கிழமை பெரிய மீட்டிங்” என்றாள் ஜெசிந்தா கடைசியில். “உனக்கு ஒரு விசயம் வச்சிருக்கேன். தயாரா இரு.”

என்ன விசயமோ. வேலையை விட்டு நீக்கப் போகிறார்களோ. நீக்கினால் அவன் என்ன செய்வான் என்று நினைக்கிறேன். நீக்காவிட்டால் இவள் என்ன செய்வாள் என்றும் நினைக்கிறேன். கைப்பை கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்குகிறது. முன்னெல்லாம் அது பீரோவுக்குள் இருக்கும்.

ஆனி 14, சனி

தன்ஷிகாவுக்கு வயிற்றுவலியாம். திங்கள், செவ்வாய் பள்ளிக்கூடம் போக மாட்டாளாம், அம்மாவோடு இருக்கிறாளாம். வயிற்றைத் தொட்டுப் பார்த்தேன். வயிற்றில் ஒன்றும் இல்லை.

ஆனி 17, செவ்வாய்

நடந்தது நடந்தபடி எழுதுகிறேன்.

காலை பதினொரு மணிக் கூட்டம். லேப்டாப்பில் கட்டம் கட்டமாக முகங்கள். அன்றைக்கு நெட் இழுக்கிறது என்று வினோதினி சத்தத்தை மட்டும் போன் வழியாக வைத்திருந்தாள். படம் லேப்டாப்பில், பேச்சு போனிலும் வட்டத்திலும். தன்ஷிகா சமையலறையில் தரையில் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்தாள். என் மகன் வெளியே போயிருந்தான், மத்தியானம்தான் வருவேன் என்று சொல்லிவிட்டு.

வினோதினி நன்றாகப் பேசினாள். இங்கிலீஷ் எனக்குப் புரியாது. குரல் புரியும். பயமில்லாத குரலில் அவள் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. முடித்தவுடன் கை தட்டினார்கள். அந்தக் கைதட்டலில் பைக் சத்தம் எனக்குக் கேட்கவில்லை.

ஜெசிந்தா தமிழில் சொன்னாள். “வினோ, கோயமுத்தூர் டீமுக்கு இனிமே நீதான் லீடர். அடுத்த வாரமே வந்து சேர்ந்துக்கலாம். தங்கறதுக்குக் கம்பெனி கெஸ்ட் ஹவுஸ்ல ரூம் இருக்கு, பாப்பாவையும் கூட்டிட்டு வா. சரின்னு சொல்லு.”

சத்தம் குறையக் கூடாது என்று சொல்லி வாங்க வைத்தவன் அவன்தான். வாசற்படியில் நின்று அத்தனையும் கேட்டிருக்கிறான்.

ஹாலுக்குள் வந்து லேப்டாப்பைப் படார் என்று மூடினான். மூடியதும் கூட்டம் முடிந்தது என்று நினைத்துவிட்டான். முகங்கள் மறைந்துவிட்டனவே. மேசைமேல் வட்டம் பச்சையாக எரிந்துகொண்டிருக்கிறது. லேப்டாப்பை மூடினால் அதுவும் அணைந்துவிடும், அப்புறம் டீ டம்ளர் வைக்கிற தட்டு மாதிரிதான் என்று அவன் நினைப்பு. அவன் அதைப் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். வினோதினியும் பார்த்தாள்.

“எந்த ஊருக்குடி போறே? எவன் ரூம்ல தங்கப் போறே?”

என் கை பொத்தான்மேல் இருந்தது. பக்கத்தில் இல்லை, அதன்மேலேயே. வினோதினி என்னைப் பார்த்தாள். கெஞ்சவில்லை, கண் காட்டவில்லை. சும்மா பார்த்தாள்.

அவன் பேசின பேச்சை எழுத மாட்டேன். முப்பது பேர் கேட்டாயிற்று, போதும். காது புண்ணாக இருக்கிற பக்கத்திலேயே கையை ஓங்கினான். சமையலறையிலிருந்து தன்ஷிகா, “அப்பா, வேண்டாம்பா! அந்தக் காதுல வேண்டாம்பா!” என்று கத்தினாள். இந்தக் காதில் வேண்டாம் என்றால் எந்தக் காதில் வேண்டும்? ஒரு பிள்ளை பேசுகிற பேச்சா இது?

நான் அமுக்கவில்லை. மிக்சிக்கும் போகவில்லை.

மேசையிலிருந்து குரல் வந்தது. “சார். கையைக் கீழ போடுங்க. நாங்க எல்லாரும் லைன்ல இருக்கோம்.”

அவன் மூடிக் கிடந்த லேப்டாப்பைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். ஜன்னலைப் பார்த்தான். குரல் எங்கிருந்து வருகிறது என்று அவனுக்குப் புரியவில்லை. ஓங்கின கை அப்படியே நின்றது. அப்புறம் வட்டத்தைப் பார்த்து அதை எடுத்துத் தரையில் அடிக்கப் போனான். அவன் கைக்குள்ளேயே அது பேசியது.

“போலீசுக்குச் சொல்லியாச்சு சார். அட்ரஸ் எங்ககிட்ட இருக்கு. வினோ, பாப்பாவைக் கூட்டிட்டுக் கீழ் வீட்டுக்குப் போ.”

சூடுபட்டவன்போலக் கீழே வைத்தான். இன்னும் யாராரோ பேசினார்கள். ஐதராபாத்துத் தாத்தா தெலுங்கில் சத்தம் போட்டார். ஒன்றும் புரியவில்லை, திட்டுகிறார் என்பது புரிந்தது.

வினோதினி தன்ஷிகாவைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். ஈஸ்வரி கதவைத் திறந்தே வைத்திருந்தாள். எத்தனை நாளாகத் திறந்து வைத்திருந்தாளோ.

அவன் என் பக்கம் திரும்பினான். குரல் இறங்கிவிட்டது. “ஏம்மா, நீ அதை அமுக்கியிருக்கலாமில்ல? கை எட்டலையா உனக்கு?”

“எட்டுச்சு” என்றேன். “அமுக்கல.”

அடுத்து என் பக்கம் வருவான் என்றுதான் நினைத்தேன். கேட்கிற இடது காதைக் கையால் மூடிக்கொண்டேன். வரவில்லை. படி இறங்கிப் போய்விட்டான்.

இரண்டு பெண் போலீஸ் வந்தார்கள். நடந்ததைச் சொல்லுங்கம்மா என்றார்கள். கதவு இடித்தது என்று ஆரம்பிக்க வாய் போனது. மூடிக்கொண்டு, மறுபடி திறந்தேன். தீபாவளிக்கு முதல் நாள் அவள் கட்டியிருந்த புடவை, மாரியம்மன் பண்டிகைக்கு அவன் எடுத்த கரண்டி, தன்ஷிகா பிறந்து தீட்டுக் கழியாத வீட்டில் நடந்தது, எந்தக் கை, எந்தக் கன்னம், அடுப்பில் என்ன கொதித்தது, எல்லாம் சொன்னேன். ஒன்றுகூட மறந்திருக்கவில்லை. எழுதின போலீஸ்காரி கை வலித்து நிறுத்தி உதறிக்கொண்டாள். “மெதுவாச் சொல்லுங்கம்மா” என்றாள். எனக்கு மெதுவாகச் சொல்ல வரவில்லை.

ஆனி 19, வியாழன்

அவனைக் கூப்பிட்டு விசாரித்து எழுதி வாங்கியிருக்கிறார்கள். வழக்கு நடக்கும் என்கிறார்கள். வீடு என் பேரில் இருப்பதால் இங்கே வரக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்களாம். சொன்னால் கேட்கிறவனா?

வினோதினியும் தன்ஷிகாவும் காலை ரயிலில் கோயமுத்தூர் போனார்கள். ஜெசிந்தா ஸ்டேஷனுக்கு வந்து கூட்டிப் போகிறாள். இவள் கைப்பையில் அந்த வட்டம் இருந்தது. என்னையும் வரச் சொன்னாள். “மொதல்ல நீ போய்க் காலூனு அம்முணி, அப்புறம் பாத்துக்கலாம்” என்றேன்.

உண்மையான காரணம் அது இல்லை. நானும் போய்விட்டால் பூட்டை உடைத்து உள்ளே வந்து உட்கார்ந்துகொள்வான், அப்புறம் அவள் திரும்பி வர இடம் இருக்காது. ஒருத்தி காவல் இருக்க வேண்டும். பூட்டை மாற்றிவிட்டேன். கதவுக்கு உள்ளே அம்மிக்கல்லை நகர்த்தி வைத்திருக்கிறேன். கேட்காத காதைத் தலையணையில் வைத்து, கேட்கிற காதை மேலே வைத்துப் படுக்கிறேன். பைக் போனால் எழுந்து உட்காருகிறேன். ரோட்டில் எத்தனை பைக் போகிறது என்று இத்தனை வருசமாக எனக்குத் தெரியவே தெரியாது.

ஆனி 22, ஞாயிறு

சமாதானம் பேச என் கொழுந்தனார் சென்னியப்பன் வந்தார். கூட அவர் சம்சாரம், ஊர்ப் பெரியவர் ஒருவர். கதவைச் சங்கிலி போட்டபடி திறந்தேன். உள்ளே விடவில்லை. கொழுந்தனார் முகம் கறுத்துவிட்டது.

“ஏனுங் அண்ணி, ஒறவுக்காரங்களை வாசல்ல நிக்க வச்சுப் பேசறது?”

“காது ஒண்ணுதான் கேக்குது. இங்கிருந்தே நல்லாக் கேக்குது, சொல்லுங்க.”

“பையன் கீழ கார்ல இருக்கறான். பச்சப்புள்ளையாட்ட அழுவறான். புருசன் பொண்டாட்டி சண்டை இல்லாத வீடு எங்கயிருக்குது? எங்கண்ணன் காலத்துல இல்லாததா? நீங்க பொறுத்துப் போகலையா?”

அவருக்கு அது தெரியும் என்பதே எனக்கு இன்றுதான் தெரிந்தது. அப்படியென்றால் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது.

அவர் சம்சாரம் சொன்னாள். “பெத்தவ நீங்களே போலீசுல சொன்னா, அவன் எங்க போவானுங்கக்கா? மகன்தானே நாளைக்குக் கொள்ளி வைக்கணும்?”

“கொள்ளிக்கு ஆள் இல்லாட்டி கார்ப்பரேசன்காரன் வைப்பான். போயிட்டு வாங்க.”

கதவைச் சாத்திவிட்டு அம்மிக்கல்லைத் தள்ளி வைத்தேன். அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டேன். கீழே கார்க் கதவு திறந்தது. படியில் அவன் நடை. சின்னப் பிள்ளையிலிருந்து கேட்ட நடை, எனக்குத் தெரியாதா? வாசலில் நின்றான். “அம்மா” என்றான். சத்தமில்லாமல், அழுகிற குரலில், காய்ச்சல் வந்தால் கூப்பிடுவதுபோலக் கூப்பிட்டான். திரும்பத் திரும்பக் கூப்பிட்டான். முதுகுக்குப் பின்னால் கதவு, கதவுக்குப் பின்னால் அவன் மூச்சு. பிறகு ஒரே ஒரு உதை. கதவு அதிர்ந்தது, கல் நகரவில்லை. கொழுந்தனார் வந்து இழுத்துக்கொண்டு போனார்.

கார் போய்விட்டது. போய்விட்டதா என்று பார்க்க ஜன்னலைத் திறக்கத் தைரியமில்லை.

கோயமுத்தூரிலிருந்து தன்ஷிகா பேசினாள். அவளுக்கு ஜன்னலோரக் கட்டிலாம். “அப்பத்தா, ஏன் மூச்சு வாங்குது?” என்றாள். மாவாட்டினேன் என்றேன். நாளைக்கு அம்மா அழைத்துப் பேசுவாளாம்.

பெற்ற வயிறு மன்னிக்கும் என்று அவர்கள் எல்லோரும் நம்பிக்கொண்டு காத்திருக்கிறார்கள். நான் செத்தபிறகு, அவள் கடைசியில் மன்னித்துவிட்டாள் என்று சொல்லவும் சொல்லுவார்கள். சொல்லக் கூடாது. அதற்காகத்தான், என் கையாலேயே, பெயரோடு எழுதி வைக்கிறேன்.

நான் மன்னிக்காதவன் பூபதி.